மகேசுவின் நம்பரை நான் அழிக்கப்போவதில்லை

அன்புள்ள சுரேஷுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சிங்கப்பூரிலிருந்து பேசினாய். கல்யாண மண்டபம், சமையல்காரர், பெண் வீட்டார் தங்குகிற இடம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, போனை வைக்கப்போகிற நேரத்தில் இன்னொன்றும் சொன்னாய். "நைனா, அந்த மகேசுகூட இன்னும் பேசிகினு கீறியா? பாத்தவங்க சொன்னாங்க. வுட்டுடு நைனா. பொண்ணு வூட்ல தெரிஞ்சா அசிங்கமா பூடும். அந்த நம்பரையே அழிச்சுடு." நான் "சரிப்பா" என்றேன். நீயும் நிம்மதியாக வைத்துவிட்டாய். அந்தச் "சரி" பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் எனக்குப் பேச வருவதில்லை. நீ கப்பல் பட்டறையில் வேலை முடிந்து களைத்துப்போய்ப் பேசுகிறாய். பின்னால் யாராவது உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் மனசில் இருப்பதை வாய்க்குக் கொண்டுவருவதற்குள் "அப்புறம் நைனா?" என்கிறாய். அந்த "அப்புறம்" வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று எனக்குத் தெரியும். தாளில் எழுதினால் யாரும் "அப்புறம்" என்று கேட்கமாட்டார்கள்.

பயந்துவிடாதே என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது நான் நன்றாக இருக்கிறேன். ஆனால் சென்ற மழைக்காலத்தில் எனக்கு இடது காலில் பெரிய ஆபரேஷன் நடந்தது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்துக்கொண்டு, காலையே எடுக்கவேண்டிய நிலைக்கு வந்து, கடைசியில் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இது உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. மகேசுவையும் சொல்லவிடாமல் தடுத்துவைத்தேன். இப்போது நீ அவளை விட்டுவிடச் சொல்கிறாய். விட்டுவிட வேண்டியது என்னவென்று உனக்குத் தெரிய வேண்டாமா?

அது எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. நீ போன பிறகுதான். காசிமேட்டில் படகு என்ஜின் வேலை முடித்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வரும்போது கெண்டைக்கால் சதையை யாரோ முறுக்கிப் பிழிவது போல வலிக்கும். நின்றால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். திரும்ப நடந்தால் திரும்பப் பிடிக்கும். வழியில் சும்மா நிற்க வெட்கமாக இருந்தது. சுவரொட்டி படிப்பது போல நிற்பேன், செல்போன் பார்ப்பது போல நிற்பேன், வாங்காத மீனுக்கு விலை கேட்டுக்கொண்டு நிற்பேன். தெரிந்தவர்கள் கடந்துபோனால் சிரித்துக் கையாட்டுவேன். வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சர்க்கரை மாத்திரையை நினைத்தால் போடுவதும் மறந்தால் விடுவதுமாக இருந்தேன். சிகரெட்டையும் விடவில்லை. பேசத்தான் ஆளில்லை, இதாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பிறகு படகில் ஏறி இறங்க முடியாமல் வேலையை விட்டேன். அதற்கப்புறம் டீக்கடை தூரமாகிவிட்டது. அதற்கப்புறம் கடற்கரை. திருவொற்றியூரில் நம் வீட்டிலிருந்து அலைச்சத்தம் கேட்கும், உனக்குத் தெரியுமே. அந்தச் சத்தம் கேட்கிற தூரத்துக்குக்கூட என்னால் போக முடியவில்லை. ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதை நிறுத்தினால் அதை யாரும் கவனிப்பதில்லை. ஆரம்பத்தில் சீட்டாட வருகிறவர்கள் "இன்னாப்பா, ஆளையே காணோம்" என்று கேட்டார்கள். பிறகு என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். அவர்கள்மேல் குற்றமில்லை. உன் அம்மா இருந்திருந்தால் முதல் வாரமே கண்டுபிடித்திருப்பாள். ஒருமுறை என்ஜின் பெல்ட்டில் என் விரல் மாட்டிக் கிழிந்துவிட்டது. அவள் பயந்துவிடுவாள் என்று கையைத் துண்டில் சுற்றி மறைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் "கைய காட்டு" என்றாள். நான் சோறு உருட்டுகிற விதமே மாறியிருந்ததாம். கல்யாணம் செய்துகொள்ளப் போகிற உனக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி இதுதான். அந்தப் பெண் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்காதே. எப்படி உட்காருகிறாள், எப்படிச் சாப்பிடுகிறாள், எதற்குச் சிரிக்காமல் இருக்கிறாள் என்று பார். பார்க்க ஆளிருக்கிற வீட்டில் வியாதி இவ்வளவு தூரம் வளராது.

அப்புறம் கால் விரலில் ஒரு புண் வந்தது. செருப்பு கடித்ததுதான். ஆறவில்லை. மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டேன். கறுத்துக்கொண்டே போனது. படுத்தால் பாதம் எரியும். கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால்தான் கொஞ்சம் அடங்கும். உட்கார்ந்தபடியே தூங்கிப் பழகினேன். கடைசியில் டோல்கேட் பக்கம் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் பாதத்தைத் தொட்டார், கணுக்காலில் விரலை வைத்து வெகுநேரம் நாடி தேடினார், பிறகு எழுந்து நின்றுகொண்டே சொன்னார்: "வீட்டுக்குப் போகாதீங்க. இப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க." ஆட்டோ பிடித்து நேராகப் போனேன். மாற்றுத்துணிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "என்ன செய்யுது" என்பதல்ல, சுரேஷ். "கூட யாரு வந்திருக்காங்க?" என்பதுதான். சீட்டு எழுதுகிறவர் கேட்டார், சக்கர நாற்காலி தள்ளியவர் கேட்டார், வார்டில் சிஸ்டர் கேட்டார். எல்லோரிடமும் "மகன் வந்துகினு கீறான்" என்றேன். முதலில் சொன்னபோது பொய் என்று தெரிந்தே சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னதில் எனக்கே அது நிஜம் போல ஆகிவிட்டது. வார்டு வாசலில் உயரமான பையன் யாராவது நுழைந்தால் தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ பேசினாய். "இன்னா நைனா ஒரே சத்தமா கீது?" என்று கேட்டாய். வார்டில் ஒருவர் வலியில் கத்திக்கொண்டிருந்தார். "கல்யாண வூட்டுக்கு வந்தேன்பா, பந்தியில ஒரே கூச்சல்" என்றேன். "நல்லா சாப்புடு நைனா" என்று சொல்லி வைத்தாய். பக்கத்துக் கட்டிலில் காதர் பாய் என்று ஒருவர் இருந்தார். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர். அவருக்கும் இதே வியாதிதான். தாமதமாக வந்ததால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். அவரைச் சுற்றி எப்போதும் மகன்கள், மருமகன்கள், யாராவது ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார்கள். நான் போனை வைத்ததும் அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "மாமு, புள்ளைக்குச் சொல்ல இஷ்டமில்லைன்னா வேற யாருக்குனா சொல்லு. தனியா மட்டும் உள்ள போவாத" என்றார்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். புது வேலை, லீவு கேட்டால் போய்விடும், இதெல்லாம் உண்மைதான். ஆனால் முழு உண்மை அதில்லை. என் குரலை வைத்தே நீ கண்டுபிடிப்பாய் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. "நைனா, இன்னாவோ சரியில்ல, உண்மைய சொல்லு" என்று நீ கேட்டுவிட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வாரா வாரம் காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. நானும் பந்தி, கூச்சல் என்று அவ்வளவு நன்றாக நடித்தால் நீ எப்படிக் கேட்பாய்? உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தனியாக இருக்கிறவனுக்கு மற்றவர்களைச் சோதித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. பரீட்சை நடப்பதே அவர்களுக்குத் தெரியாது. தோற்றுவிட்டார்கள் என்று நாம் மட்டும் அழுதுகொண்டிருப்போம்.

படமெடுத்துப் பார்த்த பிறகு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசுதான், ஆனால் பேச்சில் அவசரமே இல்லை. "தொடையில ரத்தக்குழாய் நீளத்துக்கு அடைச்சிருக்கு ஐயா. உங்க கால்லயே இருக்கிற வேற ஒரு ரத்தக்குழாய எடுத்து, அடைப்புக்கு மேல ஒரு முனையும் கீழ ஒரு முனையும் தைச்சு, ரத்தத்துக்கு வேற வழி போட்டுத் தரப் பாக்குறோம். அந்த விரல் போயிடுச்சு, அதை எடுத்துடணும். மத்தபடி கால் தப்பிக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா இன்னும் தள்ளிப்போட முடியாது" என்றார். நான் தலையாட்டினேன். பைப் அடைத்துக்கொண்டால் பக்கத்தில் இன்னொரு லைன் இழுப்பது எனக்குப் புரியாத விஷயமா? பிறகு கேட்டார்: "உங்க பையன் எப்ப வர்றார்? நீங்க கையெழுத்துப் போட்டா மட்டும் போதாது. ஆபரேஷன் நடக்கும்போது வெளிய உங்களுக்குன்னு ஒருத்தர் நிக்கணும். ரத்தம் தேவைப்படும். நடுவுல ஏதாவது ஆச்சுன்னா யார்கிட்ட நாங்க பேசுறது?" நான் கட்டிலின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "யாராச்சும் ஒருத்தர் ஐயா. யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

போனை எடுத்து ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டே வந்தேன். பாதிப் பேர் இறந்துபோனவர்கள். எப்போதோ என்ஜின் ரிப்பேருக்குக் கூப்பிட்ட படகு ஓனர்கள். கேஸ் சிலிண்டர்காரர். கூட்டாளிகளில் ஒருவருக்குக் கண் தெரியவில்லை, ஒருவர் மகள் வீட்டோடு ஊரைவிட்டே போய்விட்டார். உன் அம்மாவின் நம்பரும் அதில் அப்படியே இருந்தது. அதற்கு மேலே மகேசு. கோர்ட்டில் உங்கள் கல்யாணம் தீர்ந்துபோன நாளிலிருந்து அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்களுக்குள் என்ன நடந்தது என்று அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கப்போவதில்லை. எந்த உரிமையில் அவளைக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. விரல்தான் அமுக்கியது.

"நாந்தாம்மா பேசுறேன்" என்றேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டாளே ஒரு கேள்வி, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

"மாமா? இன்னா மாமா... அவருக்கு ஒண்ணுமில்லியே?"

"அவன் நல்லா கீறாம்மா. எனக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

"எங்க கீற?"

சொன்னேன். "கூட யாரு?" என்று அவளும் கேட்டாள். அவளிடம் மட்டும் பொய் வரவில்லை. "யாரும் இல்லம்மா" என்றேன்.

மாத்தூரில் ஒரு பேக்கிங் கம்பெனியில் அவள் சூப்பர்வைசராக இருக்கிறாள். அந்தக் கம்பெனிச் சட்டையோடேயே வந்து நின்றாள். இளைத்திருந்தாள். கட்டிலோரம் வந்து, நான் போர்வையால் மூடியிருந்த காலைத் திறந்து பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. "இவ்ளோ நாளா இன்னா பண்ணிகினு இருந்த மாமா? வாயில இன்னா, வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்ல முடியாதா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டாள். யாராவது என்னைத் திட்டி எத்தனை காலமாகிவிட்டது! தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்திவிடக்கூடாதே என்றிருந்தது. சிஸ்டர் வந்து, "நீங்க யாரும்மா இவருக்கு?" என்றார். மகேசு ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "மருமவ" என்றாள். முன்னாள் என்றோ, இருந்தேன் என்றோ சொல்லவில்லை. காதர் பாய் வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். எனக்கு நினைவு இருந்தது. நடுவில் ஒரு துணித் திரை. அதற்கு அந்தப் பக்கம் என் கால். டாக்டர்கள் மெதுவாகப் பேசிக்கொள்வதும் கருவிகள் தட்டில் விழுவதும் கேட்டது. பயம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வெளியே பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். ரொம்ப நேரமானது. பாதியில் ஒருவர் வெளியே போய்வந்தார். தைத்த இடத்தில் ரத்தம் சரியாக இறங்காமல், பிரித்து மறுபடி தைத்தார்களாம். அந்தச் செய்தியைக் கேட்டவள் அவள்தான். அப்போது அவள் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு கேட்டதற்கு, "இன்னா, உக்காந்துகினு இருந்தேன், அவ்ளோதான்" என்று முடித்துவிட்டாள்.

வெளியே கொண்டுவந்து கட்டிலில் போட்ட பிறகு பேனா மாதிரி ஒரு கருவியைப் பாதத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதிலிருந்து ஹுஷ், ஹுஷ் என்று ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. "இதுதான் ஐயா ரத்தம் ஓடுற சத்தம்" என்றார் டாக்டரம்மா. அவர்கள் போனதும் மகேசு தயங்கித் தயங்கி வந்து, கட்டுப் போடாத இடமாகப் பார்த்து என் பாதத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. "மாமா... சூடா கீது மாமா" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் அழுததைத்தான் பார்த்தேன். உன்னோடு வாழ்ந்த காலத்திலும் சரி, கோர்ட் வாசலிலும் சரி, அவள் அழுது நான் பார்த்ததில்லை.

வார்டில் இருந்தவரை வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, முடிந்து ஒரு தடவை வந்தாள். கஞ்சி கொண்டுவந்தாள். சட்டைப்பையில் இருந்த சிகரெட்டைக் கேட்காமலே எடுத்து எறிந்தாள். உனக்குச் சொல்லியாக வேண்டும் என்று தினமும் சண்டை போட்டாள். "நாளைக்கு அவரு வந்து ஏண்டி சொல்லலன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றாள். "அவன் உன்ன கேக்க மாட்டாம்மா" என்றேன். சொல்லக்கூடாத வார்த்தை. சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவள் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

வீடு திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போனாள். என்னைத் தெருமுனை வரை நடக்கவைப்பாள், மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பாள், போய்விடுவாள். நீ சொன்ன "பாத்தவங்க" அப்போதுதான் பார்த்திருப்பார்கள். உனக்குக் கல்யாணம் நிச்சயமானதை நான் அவளிடம் சொல்லவில்லை. யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் வந்து உட்கார்ந்தவள், "பொண்ணு நல்ல எடமா மாமா?" என்று கேட்டாள். "நல்ல எடந்தாம்மா" என்றேன். "நல்லா இருக்கட்டும். நான் இனிமே வரல மாமா. புதுசா வர்ற பொண்ணுக்கு அது கஷ்டமா இருக்கும். நீ மாத்திரைய மட்டும் விட்டுடாத." நீ கேட்பதற்கு முன்பே அவளாகவே விலகிவிட்டாள், சுரேஷ். உனக்கு அந்தச் சிரமம்கூட வைக்கவில்லை.

அதற்குப் பிறகு என் கால் நாளுக்கு நாள் தேறிவந்தது. நிற்காமல் கடற்கரை வரை போனேன். ராயபுரம் வரை பஸ்ஸில் போய்த் துறைமுகத்தைச் சுற்றி நடந்தேன். வலியே இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் நடந்து நடந்து எங்கே போவது? வலி இருந்தபோது அது தடுக்கிறது என்றிருந்தேன். அது போன பிறகுதான், போய்ச் சேர இடமே இல்லை என்பது தெரிந்தது. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு, செருப்பைக் கழற்றி, "வந்துட்டேன்" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அதற்கப்புறம் அப்படிச் செய்யவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் கொடுங்கையூருக்குப் போனேன். அவளும் அவள் அம்மாவும் அங்கே மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். லிஃப்ட் கிடையாது. நிற்காமல் ஏறினேன். கதவைத் திறந்தவள் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏறியேவா வந்த?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். "உள்ள வா" என்றாள். பக்கத்திலிருக்கிற குப்பைமேட்டுப் புகை வராமலிருக்க ஜன்னலைச் சாத்திவிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். உன்னைப் பற்றிப் பேசவில்லை. அவள் கம்பெனியைப் பற்றி, அவள் அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றிப் பேசினோம். அந்தம்மாவுக்குக் கண் செய்யும்போது ஆஸ்பத்திரியில் நான் கூட இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இருக்கத்தான் போகிறேன்.

உங்களைச் சேர்த்துவைக்க நான் நினைக்கிறேன் என்று எண்ணிவிடாதே. அந்தக் காலம் முடிந்துவிட்டது, அவளுக்கும் அது தெரியும். உன் கல்யாணத்தில் முதல் ஆளாக வந்து நிற்பேன். வருகிற பெண்ணை என் மகளாக வைத்துக்கொள்வேன். அவளிடம் இதையெல்லாம் மறைக்காமல் நீயே சொல். நல்ல பெண்ணாக இருந்தால் கோபித்துக்கொள்ளமாட்டாள், உன் நைனாவைக் கொஞ்சம் தெரிந்துகொள்வாள். முடிந்தால் மகேசுவிடம் ஒருமுறை போனில் பேசி, நன்றி என்று மட்டும் சொல். முடியாவிட்டால் வேண்டாம். ஆனால் அந்த நம்பரை அழிக்கச் சொல்லி என்னை இனிமேல் கேட்காதே.

நீ வருகிற விமானம் எப்போது என்று எழுது. "நைனா நீ எதுக்கு அலையுற, நானே டாக்சி புடிச்சி வந்துடுறேன்" என்று சொல்லாதே. நான் ஏர்போர்ட்டுக்கு வருகிறேன். விமானம் தாமதமானாலும் பரவாயில்லை. வரப்போகிறவன் ஒருவனுக்காக ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

உன் நைனா